மாப்பிள்ளை சொன்னதை நான் கண்டதாகச் சொன்னேன்

என் பிரியமுள்ள மாப்பிள்ளை சென்னியப்பா,

ஊரார் முன்னால் உன்னை "வாங்க மாப்ள" என்றுதான் கூப்பிட்டேன். தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகு வேறெப்படிக் கூப்பிடுவது? ஆனால் அதற்கு முன்னால், ஒரே பனியன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்ற நாளில், நீயும் நானும் வா, போ என்றுதான் பேசிக்கொண்டோம். இங்கேயும் அப்படியே பேசுகிறேன். மரியாதை வைத்துப் பேச ஆரம்பித்தால் இதைச் சொல்லி முடிக்க மாட்டேன்.

நேற்று மத்தியானம் ஒரு மத்தியஸ்தர் முன்னால் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போகிறேன், உள்ளே வருகிறேன், தண்ணீர்ச் சொம்பை எடுக்கிறேன், குடிக்காமல் வைக்கிறேன். "ஏனுங்க, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தறீங்க?" என்று உன் அக்கா ஸ்தானத்தில் இருக்கும் என் வீட்டுக்காரி இரண்டு தரம் கேட்டுவிட்டாள். அவளுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டும்.

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. வேலம்பாளையத்தில் உன் சலவைப் பட்டறை நிற்கவில்லை; தங்கை ருக்குமணிதான் நடத்துகிறாள். தொட்டி கழுவ ஆள் வரவில்லையென்றால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே இறங்கிவிடுகிறாள். உன்னைவிட அதட்டல் அதிகம். நீ இருந்தபோது அவள் குரல் தெருவுக்குக் கேட்காது. இப்போது அடுத்த தெருவுக்குக் கேட்கிறது.

இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை நம் ஊர் வியாபாரிகள் போடும் மாதப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். உனக்கு எழுதுவதை மற்றவர்கள் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பாய். உன்னைப் பற்றித் தப்பாகப் பேசியவர்கள் அவர்கள்தான். பேச வைத்தவன் நான். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நயா பைசா வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம். நாச்சிமுத்து முதலாளியின் கம்பெனியிலிருந்து வடக்கே போன பனியன் மூட்டைகள் திரும்பி வந்தன. பிரித்துப் பார்த்தால் அங்கங்கே பொத்தல். நூல் மட்டமானது என்று அவர் நூல் மில்லின் மேல் பாய்ந்தார். மில்லோ உங்கள் வேலை மட்டமானது என்றது. கோர்ட்டுக்குப் போகாமல் இருவருக்கும் சம்மதமான ஒரு மத்தியஸ்தரிடம் போவது என்று கொள்முதல் காகிதத்திலேயே எழுதியிருந்தது. கோயமுத்தூரில் ஓய்வு பெற்ற ஒரு நீதிபதியைப் பிடித்தார்கள். நூல் கடை ஒன்றின் மாடியில் விசாரணை. வக்கீல், சாட்சி, சத்தியம் எல்லாம் கோர்ட்டு மாதிரியேதான். டவாலிச் சேவகன் மட்டும் இல்லை.

நாச்சிமுத்து முதலாளி என்னை நிபுணர் சாட்சியாகக் கூப்பிட்டார். மெஷினுக்கு ஊசி போட்டு, தட்டிச் சரிபார்த்துக் கொடுக்கும் ஃபிட்டருக்கு நிபுணர் என்று ஒரு பட்டம்! அந்தச் சொல்லைக் கேட்டதும் என் தலை கனத்துவிட்டது. சட்டையை இஸ்திரி போட்டு, பையில் பூதக்கண்ணாடி ஒன்றை வேறு வைத்துக்கொண்டேன். நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். "மச்சான், கண்ணாடி எதுக்குங்? உங்க கண்ணே போதாதா?" என்றாய்.

எனக்குத் தெரிந்தது என்ன? துணியில் குறை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு ஓடினால் ஊசியின் குற்றம். குறுக்கே ஓடினால் நூலின் குற்றம். அவ்வளவுதான் என் படிப்பு. முதலாளி தானே பொறுக்கிக் கொண்டுவந்த பத்துப் பனியனை என் முன்னால் வைத்தார். பொத்தல்கள் மேலிருந்து கீழாகவும் ஓடவில்லை, குறுக்கேயும் ஓடவில்லை. அம்மைத் தழும்பு மாதிரி சிதறிக் கிடந்தன. மற்ற மூட்டைகளையும் காட்டுங்கள், வெளுக்காத துணியில் மிச்சம் இருந்தால் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இது என் படிப்புக்கு வெளியே என்று சொல்லியிருக்க வேண்டும். அதையும் சொல்லவில்லை.

ஏன் என்று இப்போது தெரிகிறது. அந்தக் கம்பெனி மெஷின்களுக்கு ஊசி போட்டவன் நான். குற்றம் ஊசியில் இல்லை என்றதும் எனக்குப் போன உயிர் வந்தது. ஊசி இல்லையென்றால் நூல் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சலவை என்று மூன்றாவது ஒன்று இருப்பது தெரியாமல் இல்லை. சலவை உன் பட்டறையில் நடந்தது. அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே எனக்கு மனசு வரவில்லை.

மத்தியஸ்தர் நல்ல மனிதர். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே தெளிவாகச் சொன்னார். "உம்மைக் கூப்பிட்டது அவராக இருக்கலாம். ஆனால் நீர் பேசுவது எனக்காக. அவருக்கு ஆகாதது தெரிந்தாலும் சொல்லிவிட வேண்டும். கண்டதைக் கண்டதாகச் சொல்லும், கேட்டதைக் கேட்டதாகச் சொல்லும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவமானம் இல்லை. இதில் யாரோடாவது உமக்கு உறவோ தொழில் தொடர்போ இருந்தால் இப்போதே சொல்லும்." நான் பெரிய மனிதன் மாதிரி தலையை ஆட்டினேன். ஊசி நான் போட்டது என்று சொல்லவில்லை, சலவை என் மாப்பிள்ளை செய்தது என்றும் சொல்லவில்லை. நூல்தான் குற்றம் என்று அடித்துச் சொல்லிவிட்டு இறங்கினேன். மில் வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்ய ஒரு வாரம் தவணை வாங்கினார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாய். ஏறி வரவில்லை, தள்ளிக்கொண்டுதான் வந்தாய். அதிலேயே எனக்கு ஏதோ தெரிந்தது.

"மச்சான், நூலு மேல தப்பில்லீங்க. என்ற தொட்டியிலதானுங்க தப்பு," என்றாய்.

நான் சும்மா இரு என்றேன். நீ கேட்கவில்லை.

"மழையில நூல் அவுந்து, கம்பெனிப் பேரு எழுதுன சீட்டெல்லாம் விழுந்து, ரெண்டு கம்பெனித் துணி மாறிப்போச்சுங்களே. மறுபடி அப்படி ஆகக் கூடாதுன்னுதான் சீட்டக் கம்பியில கட்டுனனுங்க. கம்பி துருப்புடிச்சு, பிளீச்சிங் பவுடர் தண்ணியில கெடந்து மடிப்பு மடிப்பா எறங்கியிருக்குது. மஞ்சளா கறை தெரிஞ்சுது. ஆசிட்டுல அலசுனன், கறை போயிருச்சு. துணி அங்கயே வெந்துட்டது எனக்குத் தெரியலீங்க."

"எப்படிடா சொல்றே?" என்றேன். மாப்பிள்ளையை டா போட்டதுகூட அப்போது உறைக்கவில்லை.

நீ சட்டைப் பையிலிருந்து இரண்டு துண்டுத் துணியை எடுத்தாய். இரண்டும் ஒரே நூல், ஒரே தொட்டி, மூன்று நாள் ஊறியவை. ஒன்றில் கம்பி கட்டியிருந்தாய், இன்னொன்றில் நூல். கம்பி கட்டியதை என் விரலில் மாட்டி இழுத்துப் பார்க்கச் சொன்னாய். சாதத்தில் விரல் விட்டது மாதிரி உள்ளே போனது. நூல் கட்டியது அசையவில்லை. பள்ளிக்கூடப் பக்கமே அதிகம் போகாத நீ, யாரும் சொல்லாமல், சரிக்குச் சரி வைத்துச் சோதித்துப் பார்த்திருந்தாய். அந்த வழக்கில் நிபுணர் என்று ஒருவர் இருந்தால் அது நீதான்.

"என்ற பேரச் சொல்லியே சொல்லிப்போடுங்க மச்சான். நானா வந்து சொன்னன்னு சொல்லுங்க. அது போதும். கூப்பிட்டாங்கன்னா நானும் வாரனுங்க."

"சரி," என்றேன். நீ சைக்கிளில் ஏறிப் போனாய்.

மறு விசாரணையில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். அது வரைக்கும் சரி. "மனசு கேக்கலீங்க, நானே மறுபடி சோதிச்சுப் பாத்தனுங்க. கம்பி கட்டுன துணியையும் கட்டாத துணியையும் மூணு நாள் ஊற வெச்சுப் பாத்தனுங்க," என்றேன். உன் இரண்டு துண்டையும் என்னுடையதாக மேஜை மேல் வைத்தேன். சலவையைப் பற்றி உமக்கு எப்படித் தெரியும் என்று மத்தியஸ்தர் கேட்டார். "இந்த ஊருல இத்தன வருசம் கண்ணத் தொறந்துட்டுத்தானுங்க இருக்கறன்," என்றேன். மில் வக்கீலே சிரித்துவிட்டார். நாச்சிமுத்து முதலாளி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உன்னைக் காப்பாற்ற என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். எந்தப் பட்டறை என்று கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்? கேட்டார்கள், சொன்னேன். நீ வந்து சொன்னாய் என்றால் அவர் உமக்கு யார் என்று கேட்பார்கள், என் சாட்சியம் குப்பைக்குப் போகும் என்று பயந்தது பாதி. முதல் தடவை தெரியாமல் உளறினேன் என்று ஒப்புக்கொள்ள வாய் வராதது மீதி. மறுபடி பார்த்தேன் என்றால் கெட்டிக்காரன். மாப்பிள்ளை வந்து சொன்னான் என்றால் முட்டாள். நான் கெட்டிக்காரனாக இருக்க ஆசைப்பட்டேன்.

அன்று சாயங்காலம் நீ கேட்டாய். "சொன்னீங்களா மச்சான்?"

"சொல்லியாச்சு மாப்ள," என்றேன்.

மத்தியஸ்தர் மில் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகு ஊரில் பேச்சு எப்படிப் போனது என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? "சென்னியப்பன் கமுக்கமா மறைச்சுப்போட்டான். ஆறுமுகம் கண்ணுல மண்ணத் தூவ முடியுமா? சொந்த மாப்ளைன்னுகூடப் பாக்கலியே!" என்றார்கள். நாச்சிமுத்து முதலாளி உனக்குத் துணி அனுப்புவதை நிறுத்தினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் நிறுத்தினார்கள். தப்பு செய்ததற்காக அல்ல, மறைத்ததற்காக. தப்பு யார் தொட்டியிலும் நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கோ கல்யாண வீட்டில் முன் வரிசை நாற்காலி. சொத்துப் பாகத் தகராறுக்குக்கூட என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனேன், மாப்பிள்ளை. போய் உட்கார்ந்து நியாயம் பேசினேன்.

நீ பொங்கலுக்கு வந்தாய், காது குத்துக்கு வந்தாய், எல்லாவற்றுக்கும் வந்தாய். ஆனால் முன்பெல்லாம் ஒரு துணியை நீட்டி "இதப் பாருங்க மச்சான்" என்பாயே, அதை மட்டும் நிறுத்திவிட்டாய். உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தால் ஏன் என் சட்டையைப் பிடிக்கவில்லை? இந்தக் கேள்வியோடு நீ இருந்த எட்டு வருஷமும் சுற்றினேன். நீ போன பிறகும் சுற்றினேன்.

இப்போதைய வழக்கு இது. நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கம் புதிதாக ஷெட் போட்ட ஒருவர் வாங்கிய மெஷினில் துணி முழுக்க மேலிருந்து கீழாகக் கோடு. மெஷின் விற்ற ஏஜெண்டோடு தகராறு, மறுபடியும் மத்தியஸ்தம், மறுபடியும் நான். இது ஊசிக் குற்றம், என் படிப்புக்குள் வருவது. சரியென்று ஒத்துக்கொண்டேன். பத்து நாள் முன்னால் ஷெட்காரரின் வக்கீல், என்னைப் பற்றி அவர் தாக்கல் செய்யப் போகும் குறிப்பை அனுப்பினார். "சொந்த மாப்பிள்ளையின் பட்டறை மறைத்த குற்றத்தைத் தன் சோதனையால் கண்டுபிடித்து வெளிப்படுத்திய நேர்மையாளர்" என்று இருந்தது. காகிதத்தை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு ருக்குமணியிடம் போனேன்.

அவள் தொட்டிக்கு அருகில் நின்று துணி எண்ணிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை. ஒரு மூட்டை முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"தெரியுமுங்கண்ணா. தீர்ப்பு வந்த அடுத்த மாசமே மில் குமாஸ்தாவப் புடிச்சு உங்க சாட்சி நகல வாங்கிட்டு வந்தாரு. படிக்கச் சொல்லிக் கேட்டாரு."

"என்ன சொன்னான்?"

"மச்சான் பேரு நல்லா இருக்கட்டும்னு சொன்னாருன்னு எதிர்பாக்கறீங்களாக்கும்? அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலீங்க. அன்னிக்குச் சோத்துல கையே வெக்கல. அவ்வளவுதான்."

இந்தக் குறிப்பைத் திருத்திச் சொன்னால் பழைய கதை மறுபடி கிளம்பும், பட்டறைப் பேர் மறுபடி அடிபடும், அதனால் அவளைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று வந்தேன் என்றேன்.

"பட்டறைப் பேரா? இதுக்கு மேல அடிபட என்னங்கண்ணா இருக்குது?" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "எங்கிட்ட வந்து அழுது ஒண்ணும் ஆகறதில்ல. எங்க பொய் சொன்னீங்களோ அங்க போயிச் சொல்லுங்க. எழுதிக்கிறவங்க முன்னால சொல்லுங்க."

அழுதேனா? அவள் சொல்லித்தான் தெரிந்தது.

நேற்று விசாரணை. பழைய மத்தியஸ்தர் இல்லை, இவர் வேறு ஆள். காது கொஞ்சம் மந்தம். வக்கீல் அந்தக் குறிப்பை ராகம் போட்டுப் படித்தார். மத்தியஸ்தர் என்னைப் பார்த்து, "இதெல்லாம் சரிதானா?" என்று கேட்டார். எல்லாரையும் கேட்கும் கேள்விதான். தலையை ஆட்டினால் போதும், அடுத்து ஊசியைப் பற்றிப் பேசப் போய்விடலாம். ஆட்டவில்லை, சென்னியப்பா.

"இல்லீங்க," என்றேன்.

"சத்தமாகச் சொல்லும்."

"இல்லீங்க!" என்று கத்தினேன். கீழே கடையில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். "அதக் கண்டுபிடிச்சது நானில்லீங்க. என்ற மாப்ள சென்னியப்பன் தானா வந்து சொன்னாருங்க. சோதிச்சுப் பாத்ததும் அவருதானுங்க. அவரு எதையும் மறைக்கலீங்க. மறைச்சவன் நானுங்க."

எங்கள் வக்கீலின் முகம் தொங்கிப்போயிற்று. எதிர் வக்கீல் துள்ளி எழுந்தார். அன்று சத்தியம் செய்து பொய் சொன்னவர் இன்று ஊசியைப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவது என்றார். நியாயமான கேள்வி. எனக்கே பதில் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னேன். ஊசியைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் தெரிந்ததைச் சொன்னேன். அதை எடுத்துக்கொள்வதா தள்ளுவதா என்று பிறகு முடிவு செய்வதாக மத்தியஸ்தர் சொல்லிவிட்டார். ஷெட்காரர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இனி இந்த ஊரில் யாரும் என்னை நிபுணர் என்று கூப்பிட மாட்டார்கள். அது போகட்டும்.

மத்தியஸ்தர் டைப் அடிப்பவரைப் பார்த்து, நான் சொன்னதை ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு போனார். வேலம்பாளையம் சலவைப் பட்டறை சென்னியப்பன் என்பவர், யாருடைய தூண்டுதலும் இல்லாமல், தாமாகவே வந்து, தம் பட்டறையில் நடந்த பிழையைத் தாமே சோதித்து அறிந்து, இந்தச் சாட்சியிடம் தெரிவித்தார். மெஷின் படபடவென்று அடித்தது. சட்டென்று நின்றது. டைப் அடிப்பவர் நிமிர்ந்து, "அவரு இப்ப இருக்காருங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லீங்க," என்றேன். அவர் காகிதத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, உன் பேருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று அடித்தார்.

படித்துக் காட்டினார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன். நீ உயிரோடு இருந்து கேட்டிருக்க வேண்டிய ஒரு வாக்கியம், மாப்பிள்ளை. ஒரு வார்த்தை தாமதமாகிவிட்டது.

அந்தப் பக்கத்தின் நகல் கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் முதலில் ருக்குமணி கையில் கொடுப்பேன். ஆனால் நாச்சிமுத்து முதலாளியிடம் போக நகலுக்காகக் காத்திருக்க மாட்டேன். நாளைக் காலையில் போகிறேன். அவர் உட்காரச் சொல்வாரோ, வாசலோடு அனுப்புவாரோ தெரியாது. நின்றுகொண்டே சொல்கிறேன். அடுத்த நாள் உனக்குத் துணி அனுப்புவதை நிறுத்திய மற்றவர்களிடம் போகிறேன். ஒரு வீடு விடாமல் போவேன். இந்தத் தடவை சொல்லியாச்சு என்று உன்னிடம் வந்து சொல்ல மாட்டேன். யாராவது உன் பேரை நல்லபடியாகச் சொன்னால் உனக்கே கேட்கட்டும்.

உன் மச்சான்,
ருக்குமணியின் அண்ணன்,
ஆறுமுகம்